குதிரை அடுக்களை கேட்கவில்லை

“இரண்டு குதிரை டிரெய்லர் சும்மா தொடக்கத்துக்கு. எப்படியும் ஒருநாள் கூஸ்நெக்குக்குத்தான் வரப்போகிறீர்கள். வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், தேவைக்கு ஒரு படி பெரிதாகவே வாங்கிவிடுங்கள்.”

வடக்கு டெக்சஸின் டென்டன் கவுண்டியில், குதிரைப் பண்ணைகள் வேலிக்கு வேலி ஒட்டி நிற்கும் ஆப்ரி, பைலட் பாயின்ட் வட்டாரத்தில், இந்த அறிவுரையைக் கேட்காமல் ஒரு மூட்டை தீவனம் வாங்கிவர முடியாது. தீவனக் கடைக்காரர் சொல்வார். லாடம் அடிக்க வருகிறவர் குதிரையின் காலை மடியில் வைத்துக்கொண்டே சொல்வார். இப்போது தெற்கே ஃபிரிஸ்கோவிலும் பிளேனோவிலும் குடியிருக்கும் நம்மவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைக்கு வாரம் ஒரு சவாரி வகுப்பு என்று தொடங்கி, பிறகு ஒரு குதிரை, அது தனியாக நிற்கிறதே என்று இன்னொன்று என வளர்ந்த குடும்பங்கள். எங்கள் குடும்பமும் அந்த வழியில் வந்ததுதான். பதினோரு வருடமாக இரண்டு குவார்ட்டர் குதிரைகளை, பம்பருக்குப் பின்னால் மாட்டும் சின்ன டிரெய்லரில்தான் ஏற்றி இறக்குகிறேன். “சார், இன்னும் அதேதானா?” என்று கேட்காத ஆள் இல்லை. அதேதான். ஏன் என்று இங்கே சொல்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் குறைவைக்காமல் எடுத்துவைக்கிறேன். பம்பர் புல் எனப்படும் சின்ன டிரெய்லர், டிரக்கின் வால்முனையில் மாட்டப்படுகிறது. அந்த முனை பின் அச்சுக்கு நாலைந்து அடி பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், டிரெய்லர் பக்கவாட்டில் அசைந்தால் டிரக்கின் பின்புறத்தையே நெம்புகோல்போலத் தள்ளும். நெடுஞ்சாலையில் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி கடந்துபோகும்போது அந்தத் தள்ளலை முதுகுத்தண்டில் உணரலாம். கூஸ்நெக்கோ வாத்தின் கழுத்துபோல முன்னால் உயர்ந்து வளைந்து, பிக்கப்பின் தொட்டிக்குள் இறங்கி, பின் அச்சுக்கு நேர்மேலே பதித்திருக்கும் 2 5/16 அங்குல எஃகுக் குண்டின்மேல் உட்காருகிறது. நெம்புகோலுக்கு நீளமே இல்லை. ஆட்டம் வெகுவாகக் குறைகிறது. பின்னால் எடுக்கும்போது ஏறக்குறைய செங்கோணம்வரை மடக்கலாம். கழுத்துப் பகுதிக்குள் ஒரு படுக்கை, அதற்குக் கீழே அடுப்பு, குளியலறை, ஏசி எல்லாம் வைத்த ‘லிவிங் குவார்ட்டர்ஸ்’ மாதிரியை வாங்கினால் குதிரைக் காட்சிக்குப் போகும் இடத்தில் ஓட்டல் தேட வேண்டாம். நாளைக்கு மூன்றாவது குதிரை வந்தாலும் இடம் இருக்கும். விற்கப்போனால் நல்ல விலை.

இதில் வடிவத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. வாரந்தோறும் நாலைந்து குதிரைகளை ஏற்றிச் செல்லும் பயிற்சியாளருக்கும், வருடத்தில் பாதியை ரோடியோவுக்கு ரோடியோ சாலையிலேயே கழிக்கும் பேரல் ரேஸ் பெண்களுக்கும் கூஸ்நெக்தான் சரி. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. இரண்டு குதிரையும் மாதம் ஒரு பயணமும் உள்ள வீட்டில் நுழைந்து “உனக்கும் இதுவே” என்று தீர்ப்புச் சொல்கிறதே அந்தப் பொதுவிதி, அதனோடுதான் வழக்கு.

1. எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

“கூஸ்நெக் பாதுகாப்பானது” என்று சொல்கிறவரிடம் அவருடைய பழைய ஏற்பாடு என்ன என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர், வீட்டில் இருந்த அரை டன் பிக்கப்பில், எடையைப் பகிரும் ஹிட்ச்கூட இல்லாமல், முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்ற பம்பர் புல்லை இழுத்திருப்பார். அது ஆடத்தான் செய்யும். பிறகு கூஸ்நெக் வாங்கியபோது கூடவே பெரிய டிரக்கும் வாங்கினார், புது பிரேக் கன்ட்ரோலரும் புது டயரும் வாங்கினார். நான்கு மருந்தை ஒன்றாகக் குடித்துவிட்டு, காய்ச்சல் குணமானது கடைசி மாத்திரையால்தான் என்கிறார். அந்தப் பெரிய டிரக்கின் பின்னால் பழைய இரண்டு குதிரை டிரெய்லரைச் சமமட்டமாக மாட்டி, எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் ஹிட்சில் விழுகிறமாதிரி ஏற்றி ஒருமுறை ஓட்டியிருந்தால் ஒப்பீடு நியாயமாக இருந்திருக்கும். யாரும் ஓட்டிப்பார்ப்பதில்லை.

அடுத்தது எடை. இரண்டு குதிரைகளோடு என் டிரெய்லர் ஆறாயிரம் பவுண்டுக்குள் அடங்கிவிடுகிறது. குவார்ட்டர் குதிரை ஒன்று ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு பவுண்டு, நம் கணக்கில் சுமார் ஐந்நூறு கிலோ. அதே இரண்டு குதிரைகள் குடியிருப்பு வைத்த மூன்று குதிரை கூஸ்நெக்கில் ஏறினால் பின்னால் வருவது பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம். ஆட்டம் குறைந்ததில் கிடைத்த லாபத்தையெல்லாம் எடைக்கு வட்டியாகக் கட்டிவிடுகிறோம். முன்னால் போகிற கார் சட்டென்று நிற்கும்போது ஆட்டம் பற்றி யாரும் நினைப்பதில்லை. நிற்க எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

திருப்பங்களை இவர்கள் சொல்வதே இல்லை. குண்டு பின் அச்சின்மேலேயே இருப்பதால் கூஸ்நெக்கின் சக்கரங்கள் டிரக்கின் தடத்தைவிட்டு நன்றாக உள்ளே வெட்டி வரும். பம்பர் புல் அவ்வளவு வெட்டாது. டெகாட்டூருக்கு வடக்கே லிண்டன் பி. ஜான்சன் தேசியப் புல்வெளியில் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் கிடக்கிறது. குதிரைச் சவாரிக்குப் போகிறவர்கள் டாட்ரா பாயின்ட்டில் இறக்குவார்கள். அங்கே போகும் கிளைச் சாலைகள் சரளை போட்ட ஒற்றைத் தடங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்படியொரு மூலையில் முப்பதடிக் கூஸ்நெக் ஒன்று வடிகால் குழாயின் விளிம்பில் பின்சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றது. டிரக் அழகாகத் திரும்பிவிட்டது; டிரெய்லர் திரும்பவில்லை. உள்ளே நான்கு குதிரைகள் தரையை உதைக்கிற சத்தம் காருக்குள் இருந்த எனக்குக் கேட்டது. ஓட்டி வந்தவர் கெட்டிக்காரர்தான், முப்பது வருட அனுபவம் உள்ளவர். வாகனம் வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

2. “என் டிரக் இழுக்கும்” என்பது பதிலே அல்ல

இழுக்கும். யார் இல்லை என்றது? டீசல் எஞ்சினுக்குத் திருவாரூர்த் தேரைக் கட்டினாலும் இழுக்கும். கூஸ்நெக் விஷயத்தில் இழுப்பது இரண்டாவது கேள்வி. சுமப்பதுதான் முதல் கேள்வி. பம்பர் புல் தன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்தை டிரக்கின்மேல் வைக்கிறது. கூஸ்நெக் இருபது, இருபத்தைந்து சதவீதத்தை வைக்கிறது. குடியிருப்பு மாதிரிகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் வீடு முழுவதும் அச்சுக்கு முன்னால் இருக்கிறது: ஃபிரிட்ஜ், ஏசி, கேஸ் சிலிண்டர், சோபா எல்லாம். நாற்பது கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அது மட்டும் 334 பவுண்டு.

விற்பனையாளர் காட்டுகிற எண் இழுவைத் திறன். பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்று கண்ணைப் பறிக்கும். அவர் காட்டாத எண் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். வெள்ளையும் மஞ்சளுமான சின்ன ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அச்சடித்திருக்கும். முக்கால் டன் டிரக்குகளில் பலவற்றின் மொத்த அனுமதி எடை 10,000 பவுண்டு. அதில் டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் என்று சேர்க்கச் சேர்க்க டிரக்கே கனத்துப்போய், மீதியாக நிற்பது இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஆடம்பரமான மாடலாக இருந்தால் இன்னும் குறையும். விலை ஏற ஏறச் சுமக்கும் திறன் இறங்குகிறது என்பதை ஷோரூமில் யார் சொல்லப்போகிறார்கள்?

என் நண்பர் ஒருவரோடு இதற்காகவே ஒரு சனிக்கிழமை போனேன். டென்டன் பக்கம் ஐ-35 ஓரத்தில் இருக்கும் லாரி நிறுத்தத்தில் எடைமேடை உண்டு. நீளமான மூன்று பலகைகள். முன் அச்சு ஒன்றில், பின் அச்சு ஒன்றில், டிரெய்லர் ஒன்றில் நிற்கவேண்டும். அவருடையது முக்கால் டன் டீசல், மூன்று குதிரைக் கூஸ்நெக். காட்சிக்குப் போவதுபோலவே வந்திருந்தார்: இரண்டு குதிரைகள், தண்ணீர், வைக்கோல் கட்டுகள், சேணங்கள், மனைவி. ஸ்பீக்கர் கம்பத்தில் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். பொத்தான் லாரி ஓட்டுநரின் உயரத்துக்கு வைத்திருப்பதால் அவர் கதவைத் திறந்து படியில் நின்று கையை நீட்டினார். ஐந்து நிமிடத்தில் உள்ளே போய் வாங்கிவந்த சீட்டில் இப்படி இருந்தது: முன் அச்சு 4,820, பின் அச்சு 6,330, டிரெய்லர் அச்சுகள் 10,980. மொத்தம் 22,130. “டிரெய்லர் அச்சு ஒவ்வொன்றும் ஏழாயிரம் தாங்கும், மொத்தமும் கம்பெனி சொன்னதற்குள்தான் இருக்கிறது, பார்த்தீர்களா?” என்றார். முதல் இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னேன். 11,150. அவருடைய கதவில் எழுதியிருந்தது 10,000. பின்னால் போவது முழுவதும் ஒழுங்கு. அதைத் தாங்குகிற டிரக் மட்டும் 1,150 பவுண்டு, அதாவது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குதிரையை முதுகில் சுமந்துகொண்டிருந்தது. அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை குதிரைகளைப் பற்றித்தான் பேசினோம்.

இதற்குப் பதிலாக மூன்று சமாதானங்கள் வழக்கமாக வரும். பின்பக்க ஸ்பிரிங்கில் காற்றுப் பை வைத்துவிட்டால் போதும் என்பார்கள். பை வைத்தால் டிரக்கின் பின்புறம் நிமிரும். ஸ்டிக்கரில் உள்ள எண் நிமிராது, டயரின் தாங்குதிறன் நிமிராது. முக்கால் டன்னும் ஒரு டன்னும் ஒரே வண்டிதான், எண் மட்டும் பதிவுக்காகக் குறைத்துப் போட்டது என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அப்படியானால் சரியான எண் போட்ட வண்டியை வாங்குவதில் என்ன தயக்கம்? மூன்றாவது சமாதானம், “எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.” மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று படித்து வளர்ந்த ஊர்க்காரர் இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஆகவே பெரிய கூஸ்நெக் என்பது ஒரு டிரெய்லரின் விலை அல்ல. பின்னால் நான்கு சக்கரம் வைத்த டூயலி டிரக்கின் விலையும் அதில் சேர்த்தி. புது டீசல் டூயலி எண்பதாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டுகிறது. அந்த டிரக்கைத்தான் பிறகு பள்ளிக்கும் மளிகைக்கும் ஓட்ட வேண்டும். லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்கியவன் கதையை நாம் கேட்டிருக்கிறோம்; இங்கே குதிரை இருக்கிறது, அதற்காக டிரெய்லர், டிரெய்லருக்காக டிரக், டிரக்கை நிறுத்தக் கொட்டகை.

3. கூடிய இடம் யாருக்குப் போனது?

“குதிரைக்கு வசதி” என்பதுதான் இந்த வாதங்களிலேயே மனசாட்சியைத் தொடுகிற வாதம். அதனால்தான் அதை அளவுநாடா வைத்துச் சோதிக்க வேண்டும். ஓக்லஹோமாவில் சிக்கஷா, ஓக்லஹோமா சிட்டி என்று டிரெய்லர் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. அவற்றின் மாடல்களில் இரண்டு குதிரையிலிருந்து மூன்று குதிரைக் குடியிருப்பு மாதிரிக்குப் போனால் நீளம் பத்து, பதினைந்து அடி கூடும். அதில் மூன்றாவது அறைக்குரிய மூன்றரை அடியைக் கழித்துவிடுங்கள். மிச்சம் யாருடையது? நம்முடையது. குதிரைக்கு முன்பிருந்த அதே அகலம், அதே தடுப்பு, அதே ஜன்னல். அது அடுக்களையும் கேட்கவில்லை, சோபாவும் கேட்கவில்லை.

இன்னொன்று. பெரிய டிரெய்லர்கள் பெரும்பாலும் சாய்வரிசை: குதிரைகள் சாய்ந்த கோணத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும். முன்னால் நிற்கிற குதிரை வழுக்கி விழுந்தாலோ, வயிற்றுவலி வந்து புரள ஆரம்பித்தாலோ, பின்னால் நிற்கும் அத்தனையையும் நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் சீறிப்போகிற இரைச்சலில் இறக்கியாக வேண்டும். இறக்கியதைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வேண்டும். எங்கள் நேர்வரிசை டிரெய்லரில் இரண்டுக்கும் தனித்தனிப் பின்கட்டை. எதை வேண்டுமானாலும் முதலில் இறக்கலாம். சில பெரிய மாடல்களில் பக்கவாட்டில் முன் இறங்குவழி வைத்துத் தருகிறார்கள், நல்லது. ஆனால் “பெரிதாக வாங்கு” என்று சொல்கிறவர்களில் ஒருவர்கூட “பக்கக் கதவோடு வாங்கு” என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் பேசுவது அடி நீளத்தை மட்டும்.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். குதிரை மேயும்போது தலையைத் தாழ்த்தித் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் வெளியேற்றிக்கொள்கிறது. தலையை உயர்த்திக் கட்டிவைத்தால் கிருமிகள் கீழ்மூச்சுப் பாதையில் பெருகுகின்றன என்பதை 1990களில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. நீண்ட பயணத்துக்குப் பின் வரும் நுரையீரல் காய்ச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். சின்ன டிரெய்லரிலும் தலையைக் கட்டுகிறோமே என்று கேட்கலாம். சரியான கேள்வி, கட்டுகிறோம். ஆனால் சின்ன டிரெய்லர்க்காரன் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்றே ஆகவேண்டும், அவனுக்கே முதுகு வலிக்கிறது. மெத்தையும் காபி இயந்திரமும் கழுத்திலேயே வைத்துக்கொண்டு போகிறவர்கள், “இன்னும் இருநூறு மைல்தானே, போய்ச் சேர்ந்து படுத்துக்கொள்ளலாம்” என்று மிதிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மனிதனின் வசதி குதிரையின் ஓய்வைத் தின்றுவிடுகிறது.

ஜூலை மாத டெக்சஸில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். காட்சித் திடலில் வரிசையாக நிற்கும் பெரிய டிரெய்லர்களில் ஜெனரேட்டர் ஓடும், முன்பாதியில் ஏசி உறுமும். பின்பாதியில், அதே அலுமினியச் சுவருக்கு அந்தப்பக்கம், வியர்வை வழிய நிற்கும் குதிரையின் மூக்கு மட்டும் கம்பி ஜன்னலில் தெரியும். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் ‘குதிரைக்கு வசதி’ என்று பேசாதீர்கள்.

4. நாளைய குதிரை இன்றைக்கு எங்கே இருக்கிறது?

“தேவை வளரும்” என்கிறார்கள். வளரலாம். அதுவரை காலி அறையை யார் நிரப்புவார்கள் தெரியுமா? பக்கத்துப் பண்ணைக்காரர். “நீங்கள்தான் ஆர்ட்மோர் போகிறீர்களே, என் குதிரையையும் போட்டுக்கொள்ளுங்களேன், டீசல் காசு தருகிறேன்.” ஆர்ட்மோர் ஓக்லஹோமாவில் இருக்கிறது. மாநில எல்லை தாண்டி, கூலி வாங்கிக்கொண்டு, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 10,001 பவுண்டைத் தொடும் வண்டியில் அடுத்தவர் குதிரையை ஏற்றினால் மத்தியப் போக்குவரத்து விதிகளின் கண்ணில் நீங்கள் வணிக வாகன ஓட்டி. சொந்தக் குதிரையோடு போட்டிக்குப் போகிறவருக்கு விலக்கு உண்டு. பரிசுப் பணத்தைச் சாதாரண வருமானமாகக் காட்டி, செலவைத் தொழில் செலவாகக் கழிக்காமல், கம்பெனி ஸ்பான்சர் இல்லாமல் போகும்வரை அது பொழுதுபோக்குதான். என் சின்ன ஜோடியும் அந்தப் பத்தாயிரத்தைத் தாண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் காலி அறை கிடையாது. யாரும் கேட்பதில்லை, நானும் நட்புக்காக விதியை மீறுவதில்லை.

உரிமத்தையும் பாருங்கள். டெக்சஸில் டிரக், டிரெய்லர் இரண்டின் அனுமதி எடையும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லருடையது மட்டும் 10,000-ஐத் தாண்டினால், சொந்த உபயோகமாக இருந்தாலும் சாதாரண ‘சி’ வகுப்பு உரிமம் போதாது. ‘ஏ’ வகுப்பு வேண்டும். 14,000 பவுண்டு டூயலியும் 16,000 பவுண்டு டிரெய்லரும் முப்பதாயிரம். டிரெய்லர் பாதி காலி என்று சொல்லித் தப்ப முடியாது, ஏனென்றால் பார்ப்பது தகட்டில் எழுதிய எண்ணை. எனக்குத் தெரிந்து இப்படி ஓட்டுகிற நான்கு குடும்பங்களில் மூன்றுக்கு இந்த வகுப்பு இருக்கிறது என்பதே தெரியாது. விற்றவர்களும் சொல்லவில்லை.

5. இது முதலீடு என்றால் வங்கிக்காரனைக் கூப்பிடுங்கள்

மறுவிற்பனை விலை பற்றிய வாதத்துக்கு அதிக இடம் தர மாட்டேன். சின்ன டிரெய்லருக்கும் குடியிருப்புக் கூஸ்நெக்குக்கும் விலை வித்தியாசம் அறுபதாயிரம் டாலர் என்று வையுங்கள். டூயலியைச் சேர்க்கவே வேண்டாம். ஓட்டல் அறை இரவுக்கு 120 டாலர் என்றால் அந்தப் பணத்தில் ஐந்நூறு இரவு தங்கலாம். வருடத்துக்கு எட்டுக் காட்சி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரவு என்றால் முப்பத்தொரு வருடம் வரும். அதற்குள் பிள்ளை கல்லூரி முடித்து, கல்யாணமாகி, தன் பிள்ளைக்குச் சவாரி வகுப்பு தேடிக்கொண்டிருக்கும்.

“ராத்திரி இரண்டு மணிக்குக் குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் பக்கத்தில் இருக்க வேண்டாமா?” என்று என் மனைவியே கேட்டாள். இந்த ஒரு வாதத்துக்குத்தான் நான் கொஞ்சம் இறங்கிவந்தேன். சேணம் வைக்கும் முன்னறையில் ஒரு மடக்குக் கட்டிலும் பேட்டரி மின்விசிறியும் வைத்திருக்கிறோம். சுகமான தூக்கம் இல்லை. குதிரை கால் மாற்றி நின்றால்கூட விழித்துக்கொள்கிற தூக்கம். அதற்குத்தானே அங்கே படுப்பது?

நிற்கிற டிரெய்லரும் தேய்கிறது. மாதம் ஒருமுறை ஓடும் வண்டியின் டயர் ஓடித் தேய்வதில்லை, வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. டயரின் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டியதை, “இன்னும் பள்ளம் ஆழமாகத்தானே இருக்கிறது” என்று பத்து வருடம் ஓட்டுகிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரைகளோடு நிற்கும் டிரெய்லர்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் டயர்தான். தரை விரிப்பைத் தூக்கி, மூத்திரம் இறங்கி அலுமினியம் அரித்திருக்கிறதா, பலகை இற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை சக்கர பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். டிரெய்லர் டிரக்கைவிட்டுக் கழன்றால் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கிற பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மூன்றாவது அச்சும் குழாய் இணைப்புகளும் கழிவுத் தொட்டியும் சேரச் சேர இந்தப் பட்டியல் நீளும், பார்க்கிற நேரம் நீளாது. அறுபதாயிரத்தில் ஆறாயிரத்தை எடுத்து என் சின்ன டிரெய்லருக்குச் செலவழித்தேன்: புது டயர்கள், புது பிரேக்குகள், நல்ல ஹிட்ச், தரைக்கு ரப்பர். மிச்சப் பணத்தில் சவாரிப் பயிற்சியாளருக்குச் சம்பளம் போகிறது. மகளின் சவாரி முன்னேறியதற்கு அதுதான் காரணம்.

மூன்று குதிரை வந்துவிட்டால் நானும் மாறுவேன். அப்போதும் குடியிருப்பு இல்லாத, சேண அறை மட்டும் உள்ள, பக்கக் கதவு வைத்த கூஸ்நெக்காகப் பார்த்து, அதைச் சுமக்கக்கூடிய ஒரு டன் டிரக்கை முதலில் வாங்கிவிட்டுத்தான் வாங்குவேன். அந்த வரிசையை மாற்றச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதியில் ஷோரூமுக்குப் போவதாக இருந்தால், அதற்கு முன் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஏற்றுகிற அத்தனையையும் ஏற்றி, குதிரைகளோடு, இப்போது இருக்கிற டிரெய்லரையே எடைமேடையில் ஒருமுறை நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். படத்தையும் சீட்டையும் விற்பனையாளரின் மேசைமேல் வைத்துவிட்டு, நீங்கள் விரும்பும் கூஸ்நெக் குண்டின்மேல் எத்தனை பவுண்டு வைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் ஆறு இடத்தில் கேட்டேன். ஒருவரும் எழுதித் தரவில்லை.